தேர்வு: ஒரு சொல்லும் இரு பொருளும் (இந்தியாவின் தெரிவுப் பள்ளிகள் குறித்து)

தமிழில் 'தேர்வு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பலவற்றுள் ஒன்றை ஆராய்ந்து எடுத்துக்கொள்வதும் தேர்வு. வினாத்தாளுக்கு விடையெழுதி மதிப்பெண் பெறுவதும் தேர்வு. முதற்பொருளில் அதிகாரம் தேர்பவரிடம் இருக்கிறது. இரண்டாம் பொருளில் தேர்வெழுதுபவரே தேரப்படுகிறார். பிள்ளைக்கு நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லும் பெற்றோர் முதற்பொருளில் பேசுகின்றனர். ஆனால் அந்தப் பள்ளி நுழைவுத்தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் பள்ளியாயின், அவர்கள் செய்தது விண்ணப்பம் மட்டுமே. தெரிவு செய்தது பள்ளி. இந்தியாவில் மாணவரைத் தெரிந்து சேர்க்கும் உறைவிடப் பள்ளிகளின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றை இந்த இரு பொருள்களுக்கும் இடையிலான இழுபறியாக வாசிக்கலாம்.

அந்த வரலாறு அரசகுமாரர்களிடம் தொடங்குகிறது. கத்தியவார் சமஸ்தானங்களின் வாரிசுகளுக்காக ராஜ்கோட்டில் ராஜ்குமார் கல்லூரி 1870இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அஜ்மீரில் கூட்டிய தர்பாரில், ராஜபுதனத்து மன்னர்களின் பிள்ளைகளுக்கும் அத்தகைய கல்லூரி வேண்டும் என்று வைசிராய் மேயோ பிரபு அறிவித்தார். 1872இல் அவர் அந்தமானில் கொல்லப்பட்டார். அவர் பெயரால் அமைந்த மேயோ கல்லூரி 1875இல் முதல் மாணவரைச் சேர்த்தது. அந்த மாணவர் ஆல்வார் சமஸ்தானத்தின் மங்கள் சிங். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் அரியணைக்கு உரியவராக ஏற்கப்பட்டிருந்தார், அகவை நிரம்பாதவர். இந்தியாவின் முதன்மையான தெரிவுப் பள்ளிகளுள் ஒன்றன் முதற்சேர்க்கையில், பெற்றோரின் விருப்பம் என்பதற்கு ஏறத்தாழ இடமே இல்லை. எதிர்கால ஆட்சியாளர் எத்தகைய மனிதராக வளரவேண்டும் என்பதில் பிரிட்டிஷ் அரசுக்கு இருந்த அக்கறையே அங்கு முடிவெடுத்தது. சேர்வதற்கான தகுதி பிறப்பு. அதைச் சோதிக்க வினாத்தாள் தேவைப்படவில்லை.

அடுத்த கட்டம் வழக்குரைஞர்களும் அதிகாரிகளும் வணிகர்களும் கொண்ட புதிய நடுத்தர வர்க்கத்துடையது. மன்னர் மரபில் பிறவாத, ஆனால் ஆங்கிலக் கல்வியால் உயர்ந்த குடும்பங்கள் தம் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பாமலே அத்தகைய கல்வியைப் பெற விரும்பின. வைசிராயின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த வங்காள வழக்குரைஞர் எஸ். ஆர். தாஸ் இதற்காக ஒரு சங்கத்தை நிறுவி நிதி திரட்டினார். பள்ளியைக் காணாமலே 1928இல் அவர் மறைந்தார். 1935இல் டேராடூனில், முன்பு வன ஆராய்ச்சி நிறுவனம் இருந்த சாந்த்பாக் வளாகத்தில் டூன் பள்ளி தொடங்கியது. ஈட்டன் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஆர்தர் ஃபுட் அதன் முதல் தலைமையாசிரியர். பிறப்பைக் கேட்காத பள்ளி என்பதில் அதன் நிறுவனர்கள் பெருமை கொண்டனர். 'ஜன கண மன' பாடல் அங்கே தொடக்கம் முதலே பள்ளிப்பாடலாக இருந்தது. ஆயினும் பிறப்பு விலகிய இடத்தில் கட்டணம் வந்து அமர்ந்தது. தேரும் உரிமை பெற்றோருக்கு வந்தது. அந்த உரிமையை விலைகொடுத்து வாங்கக்கூடிய பெற்றோருக்கு மட்டும் வந்தது.

விடுதலைக்குப் பின் குடியரசு இந்த மரபை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. டி. எஸ். கோத்தாரி தலைமையிலும் ஜே. பி. நாயக்கைச் செயலராகக் கொண்டும் 1964 முதல் 1966 வரை இயங்கிய கல்விக் குழு அதற்கு நேரடியாக விடையளித்தது. பப்ளிக் ஸ்கூல் என்பது ஆங்கிலேயர் நட்டுவிட்டுப் போன நாற்று. சனநாயகச் சமூகத்தில் அதற்கு நியாயமான இடமில்லை என்பது குழுவின் கருத்து. மாற்றாக அது முன்வைத்தது பொதுப்பள்ளி முறைமை. அதன் உயிர்நாடி அருகமைப் பள்ளி. ஒரு வட்டாரத்தின் எல்லாக் குழந்தைகளும், சாதி, மதம், வருவாய் வேறுபாடின்றி, அவ்வட்டாரப் பள்ளியிலேயே பயில வேண்டும்.

இந்தப் பரிந்துரை சமத்துவ இலட்சியமாகவே இன்று பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதனுள் இருந்த அரசியல் தருக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வசதியும் செல்வாக்கும் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் ஊர்ப்பள்ளியில் இருந்தால், அந்தப் பள்ளியின் கூரை ஒழுகும்போது கேட்பதற்கு ஆள் இருக்கும். ஆசிரியர் இல்லை என்றால் மனு எழுதத் தெரிந்தவர் இருப்பார். அந்தப் பிள்ளைகள் வேறிடம் போனால் கூடவே அந்தக் குரல்களும் போய்விடும். எனவே அருகமைப் பள்ளி என்பது குழந்தைகளைக் கலந்து உட்காரவைக்கும் ஏற்பாடு மட்டுமன்று. பெற்றோரின் அக்கறையை ஓரிடத்தில் குவிக்கும் ஏற்பாடும் ஆகும்.

குழுவின் அறிக்கை முழுதும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பள்ளிகளையும் ஒரே நேரத்தில் உயர்த்த நிதியில்லாத நாட்டில், சில பள்ளிகளை முதலில் முன்மாதிரியாக உயர்த்தும் யோசனையும் அதே அறிக்கையில் உண்டு. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பொதுப்பள்ளி முறைமையை ஏற்றது. அதே மூச்சில், பப்ளிக் ஸ்கூல் போன்ற சிறப்புப் பள்ளிகள் தகுதி அடிப்படையில் மாணவரைச் சேர்த்து, ஒரு பங்கினருக்குக் கட்டணவிலக்கு அளிக்கவேண்டும் என்றும் கூறியது. தெரிவுப் பள்ளி தொடரலாம், தெரியும் முறை மட்டும் நேர்மையாக இருக்கட்டும் என்பதே இதன் பொருள். 1961இல், பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் காலத்தில், சதாராவில் முதல் சைனிக் பள்ளியும் அடுத்த ஆண்டு தமிழகத்தின் அமராவதிநகரில் மற்றொன்றும் நுழைவுத்தேர்வோடு தொடங்கியபோதே இந்தப் பாதை போடப்பட்டிருந்தது. பிறப்பு, கட்டணம் ஆகியவற்றை அடுத்து மூன்றாவது வாயிற்காவலனாக மதிப்பெண் வந்தது.

இந்த மூன்றாம் கட்டத்தின் பெரும் உருவமே ஜவஹர் நவோதயா வித்யாலயா. 1985-86 கல்வியாண்டில் அரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் முதல் இரு பள்ளிகள் சோதனை முயற்சியாகத் திறக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை அவற்றை மாவட்டத்துக்கு ஒன்று என விரிக்கும் திட்டமாக அறிவித்தது. பிரதமர் ராஜீவ் காந்தி டூன் பள்ளியின் முன்னாள் மாணவர். ஆகவே நவோதயாவை ஏழைகளுக்கான டூன் என்று கருதும் பார்வை அன்றே எழுந்தது. ஆனால் அதற்கு இன்னொரு வேரும் உண்டு. அப்போது மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த பி. வி. நரசிம்மராவ், ஆந்திர முதல்வராக இருந்த 1971ஆம் ஆண்டில் நல்கொண்டா மாவட்டத்துச் சர்வேல் கிராமத்தில் அரசு உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். நாட்டுப்புறப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா உறைவிடக் கல்வி என்ற யோசனை டேராடூனிலிருந்து மட்டும் வந்ததன்று. தெலங்கானாவின் சிற்றூர் ஒன்றிலிருந்தும் வந்தது.

நவோதயாவின் விதிகளைப் படித்தால், அதை வடிவமைத்தவர்கள் பழைய குறைகளை நன்கு அறிந்திருந்தனர் என்பது புலனாகும். உணவு, தங்குமிடம், சீருடை, பாடநூல் அனைத்தும் இலவசம். இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புறத்தாருக்கு. மூன்றில் ஒரு பங்கு சிறுமிகளுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாவட்ட மக்கள்தொகையை ஒட்டிய ஒதுக்கீடு. பிற்காலத்தில் பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் ஒதுக்கீடு சேர்ந்தது. ஐந்தாம் வகுப்புப் பயிலும் பிள்ளை இரண்டு மணி நேரம் எழுதும் தேர்வு: மனத்திறன், கணக்கு, மொழி. மாநில மொழிகளிலும் எழுதலாம். வாய்ப்பு ஒரே ஒரு முறை. ஒரு பள்ளியில் ஆண்டுக்கு அதிகபட்சம் 80 பேர். இன்று 650ஐ ஒட்டிய எண்ணிக்கையில் இயங்கும் இப்பள்ளிகளின் ஏறத்தாழ 50,000 இடங்களுக்கு, அண்மை ஆண்டுகள் சிலவற்றில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பதிவு செய்துள்ளனர்.

இந்த எண்களின் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. பத்து, பதினொரு வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் முடிவு எளிதானதன்று. மேயோ காலத்து அரசகுமாரன் பணியாட்களோடு பள்ளிக்குப் போனான். அவனுடைய சமஸ்தானமே அவனுக்கு விடுதி கட்டிக்கொடுத்தது. குறுநில விவசாயியின் மகள் ஒரு தகரப்பெட்டியோடு போகிறாள். வீட்டு வேலையில் அவள் கை குறைகிறது. ஆனால் ஏழு ஆண்டுக்கு அவள் உணவுச் செலவும் படிப்புச் செலவும் வீட்டைவிட்டு இறங்குகின்றன. கண்காணிப்பும் பாதுகாப்பும் உள்ள அரசு விடுதி என்பதால், வெளியூருக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கும் வீடும் ஒருவேளை இசையலாம். ஒன்பதாம் வகுப்பில் இந்தி பேசும் பகுதிக்கும் பேசாத பகுதிக்கும் இடையே 30 விழுக்காட்டு மாணவர்களை ஓராண்டு இடமாற்றும் ஏற்பாடும் உண்டு. அதற்கும் பெற்றோர் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். கட்டணம் நீக்கப்பட்ட பின்னும் பிரிவு என்னும் விலை எஞ்சுகிறது.

வாய்ப்பு ஒருமுறைதான் என்பதால், ஆயத்தம் முன்கூட்டியே தொடங்குகிறது. மனத்திறன் வினாக்கள் ஊர்ப்பள்ளியின் பாடத்திட்டத்தில் இல்லை. அவற்றைப் பழகப் பயிற்சி நூல் வேண்டும். இயன்றால் பயிற்சி மையம் வேண்டும். மாலையில் உடன் அமர்ந்து சொல்லித்தர ஓரளவு படித்த தாயோ தந்தையோ அண்ணனோ வேண்டும். கிராமப்புற ஒதுக்கீட்டுக்கு மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளைக் கிராமப்புறப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற விதி, நகரத்தாரைத் தடுக்கவே இயற்றப்பட்டது. ஆனால் விதியைப் படித்து, எட்டு வயதிலேயே பிள்ளையின் சேர்க்கையை அதற்கேற்பத் திட்டமிடக்கூடிய பெற்றோருக்கு அதுவே ஒரு வழிகாட்டியாகவும் அமையும். இவ்வாறு, பிள்ளையின் திறனை அளப்பதாகச் சொல்லும் இரண்டு மணி நேரத் தாள், பெற்றோரின் நேரத்தையும் படிப்பையும் தகவல் அறிவையும் சேர்த்தே அளக்கிறது. சிற்றூரில் ஆசிரியராகவோ எழுத்தராகவோ பணிபுரிபவரின் பிள்ளைக்கும், அதே ஊரில் கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த ஒதுக்கீடும் முழுமையாக அடைப்பதில்லை.

நவோதயாக்களின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடுகள் ஆண்டுதோறும் உயர்ந்தே இருக்கின்றன. இந்த வெற்றியில் அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்களின் பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. எனினும் ஒரு மாவட்டம் முழுவதிலிருந்தும் 80 பேரைப் பொறுக்கியெடுக்கும் பள்ளியின் முடிவுகளை, வந்தவரையெல்லாம் சேர்க்கும் ஊர்ப்பள்ளியின் முடிவுகளோடு அருகருகே வைப்பது ஆய்வு முறையாகாது. கற்பித்தலின் விளைவும் பொறுக்கியதன் விளைவும் அந்த ஒற்றை எண்ணுக்குள் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. பெற்றோர் பார்ப்பது அந்த எண்ணைத்தான். எனவே தெரிவுப் பள்ளியின் புகழ் அதன் தெரிவினாலேயே வளர்கிறது. புகழ் வளர வளர விண்ணப்பங்கள் பெருகுகின்றன. விண்ணப்பங்கள் பெருகப் பெருகத் தெரிவு இறுகுகிறது.

1986ஆம் ஆண்டின் கொள்கை இப்பள்ளிகளுக்கு வேறொரு கடமையையும் விதித்திருந்தது. அவை சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு வேகம் கூட்டும் பள்ளிகளாக இருக்கவேண்டும் என்பது அது. ஆனால் நிர்வாகம் மத்திய அரசின் தனிச் சமிதியிடம். பாடத்திட்டம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துடையது. எட்டாம் வகுப்புக்குப் பின் பயிற்றுமொழி இந்தியும் ஆங்கிலமும். பக்கத்து அரசுப் பள்ளியோ மாநில வாரியத்தில், மாநில மொழியில், மாநில அரசின் ஆசிரியரோடு இயங்குகிறது. ஒரு பள்ளியின் நல்ல பழக்கம் மற்றொன்றுக்குப் பாய வாய்க்கால் வெட்டப்படவில்லை. பாய்ந்தது எதிர்த்திசையில்: ஊர்ப்பள்ளியின் படிப்பில் சுறுசுறுப்பான பிள்ளையும், அந்தப் பிள்ளையின் மீது அக்கறை கொண்ட பெற்றோரும் வெளியேறினர். கோத்தாரி குழுவின் தருக்கம் எச்சரித்தது இதைத்தான். 1990இல் ஆசார்ய ராமமூர்த்தி குழு இத்திட்டத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. 1992இல் திருத்தப்பட்ட கொள்கை அதைத் தக்கவைத்துக்கொண்டது.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டின் இடம் தனித்தது. மும்மொழித் திட்டத்தோடு வந்த நவோதயாவை மாநிலம் ஏற்கவில்லை. 1986ஆம் ஆண்டின் இறுதியில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்கு இப்பள்ளிகளும் ஒரு காரணம். அரசியலமைப்பின் 17ஆம் பகுதியை எரித்ததற்காகத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் பத்துப் பேர் பதவி இழந்தனர். கடற்கரையோரமாகச் சற்று நகர்ந்தால், புதுச்சேரியின் காலாப்பட்டிலும் காரைக்காலிலும் தமிழ்ப் பிள்ளைகள் நவோதயாவில் பயில்கின்றனர். 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இப்பள்ளிகளுக்கு ஆதரவாக ஆணையிட்டபோது, மாநில அரசு உச்சநீதிமன்றம் சென்று அதற்குத் தடை பெற்றது.

மொழியின் பேரால் நிகழ்ந்த இந்த மறுப்பு, தெரிவின் பேரால் நிகழ்ந்த மறுப்பாக விரியவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. நவோதயா வராத மாநிலத்தில் தெரிவுப் பள்ளி இல்லாமற்போகவில்லை. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகின. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து மேல்நிலை வகுப்புக்குச் சேர்க்கும் தனியார் உறைவிடப் பள்ளிகளுக்கு நாமக்கல் ஓர் அடையாளமாயிற்று. நிலத்தை அடகுவைத்தும் நகையை விற்றும் அங்குப் பிள்ளையைச் சேர்த்த குடும்பங்கள் உண்டு. அங்கே மதிப்பெண், கட்டணம் என வாயிற்காவலர் இருவரும் ஒன்றாக நின்றனர். இந்தித் திணிப்பை எதிர்த்தது சரியா என்ற கேள்வி வேறு. கட்டணமில்லாத தெரிவை மறுத்த சமூகம், கட்டணத்தோடு கூடிய தெரிவைக் கண்டுகொள்ளாமல் விட்டது ஏன் என்ற கேள்வி வேறு. முதற்கேள்வியின் வெப்பத்தில் இரண்டாவது கேட்கப்படாமலே போயிற்று.

2009இல் நாடாளுமன்றம் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இந்த முரணை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளையையோ அதன் பெற்றோரையோ வடிகட்டும் நடைமுறைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது அதன் 13ஆம் பிரிவு. அதே சட்டம் நவோதயா, சைனிக் பள்ளிகளைக் குறிப்பிட்ட வகைப் பள்ளிகள் என்று பெயர் சுட்டி வகைப்படுத்துகிறது. வடிகட்டலைத் தடைசெய்த அரசே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நுழைவுத்தேர்வு நடத்திவருகிறது. சட்டத்தின் இலட்சியம் அருகமைப் பள்ளி. நடைமுறையின் பெருமிதம் தெரிவுப் பள்ளி. இரண்டையும் ஒரே கையால் பிடித்திருக்கிறது இந்தியக் குடியரசு.

இத்தனைக்கும் பின், விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் பெற்றோரைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தம் ஊர்ப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் மட்டும் இருக்கும் நிலையில், பொதுப்பள்ளி முறைமை வரும்வரை காத்திரு என்று ஒரு தாயிடம் சொல்ல முடியாது. குழந்தைப்பருவம் காத்திருப்பதில்லை. நவோதயா வழியாகக் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாகவும் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் அதிகாரிகளாகவும் உயர்ந்தவர்களின் வாழ்க்கை எந்த விமரிசனத்தாலும் பொய்யாகிவிடாது.

ஆனால் ஆய்வாளரின் கண், தேறிய 80 பேரோடு நின்றுவிட முடியாது. முடிவுகள் வெளியான மறுநாள் அதே ஊர்ப்பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் இருக்கின்றனர். பத்து வயதில் தாம் தேறவில்லை என்பதை அவர்கள் அரசின் வாயால் கேட்டிருக்கின்றனர். அவர்களுடைய பள்ளி முன்பிருந்ததைப் போலவே இருக்கிறது. அதன் குறைகளைக் கேட்கக்கூடிய இரண்டொரு பெற்றோர் மட்டும் இப்போது அங்கே இல்லை. கல்வி வரலாற்றில் தேறியவர்களுக்கு நினைவு மலர்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் உண்டு. தேறாதவர்களுக்கு ஆவணம் இல்லை. நவோதயா பற்றி இனி எழுதப்படவேண்டிய ஆய்வு அந்த வளாகத்துக்குள் இல்லை. அது பிள்ளைகளைப் பெற்றுக்கொண்ட ஊர்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளிலும், அங்கே எஞ்சிய பெற்றோரின் நினைவுகளிலும் இருக்கிறது. அந்தப் பெற்றோருக்குத் தேரும் உரிமை எப்போது வரும் என்ற கேள்வியை, 1966இல் கோத்தாரி குழு விட்டுச்சென்ற இடத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது.